போல்ட் பின்னால் எங்கே போகும்?

மழை விட்டும் பனிமூட்டம் விலகாத ஓர் ஆடி மாலை. பக்கத்து வீட்டுப் பையன் டேப்லட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தான். கோயம்புத்தூரில் அனிமேஷன் படிக்கிறான். விடுமுறைக்கு நீலகிரியில் உள்ள எங்கள் வெலிங்டனுக்கு வந்திருக்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்காகப் பழைய துப்பாக்கிகளுக்குப் புது உருவம் வரைந்துகொண்டிருக்கிறானாம். "பழைய துப்பாக்கிதான் மாமா, ஆனா இன்னைக்கு டிசைன் பண்ணின மாதிரி தெரியணும். பார்த்துச் சொல்லுங்க," என்றான். நான் ராணுவத்தில் 22 வருடம் ஆர்மரராக இருந்தவன். கழற்றுவதும் துடைப்பதும் பழுது பார்த்து மாட்டுவதும்தான் வேலை. அதனால்தான் என்னிடம் கொண்டுவந்தான்.

மூன்று படங்கள். முதலாவது, நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல காலம் சுவரோரம் நின்ற த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ-என்ஃபீல்ட். அதன் பின்கட்டையை எடுத்துவிட்டு, கைப்பிடியையும் விசையையும் முன்னால் தள்ளி, இன்றைய குட்டைத் துப்பாக்கிகள் போல ஆக்கியிருந்தான். இரண்டாவது மார்ட்டினி-ஹென்றி, அடியில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் ஒன்று தொங்கியது. மூன்றாவது ஜெர்மானிய லூகர் கைத்துப்பாக்கி. முதுகில் கண்ணாடிக் குறிக்கருவி ஒன்று உட்கார்ந்திருந்தது.

வரைந்த கை நல்ல கை. மரத்தின் இழையும் இரும்பின் நீலப் பூச்சும் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தன. ஆனால் மூன்றுமே ஒழுங்காகச் சுட முடியாதவை. ஏன் என்று அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பழைய இயந்திரங்களில் ஆசை உள்ள எவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் படத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "போல்ட் பின்னால் எங்கே போகும்?" போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்வாசலை அடைத்துப் பூட்டும் இரும்புத் தண்டு.

த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் நீளம் ஏறக்குறைய 78 மில்லிமீட்டர். வெந்த கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து மேலே வரவிட வேண்டுமானால், போல்ட் அந்த நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பின்னால் வந்தாக வேண்டும். அசல் லீ-என்ஃபீல்டில் அந்த இடம் சுடுபவரின் கட்டைவிரலுக்கு மேலே, முகத்துக்கு முன்னால் இருக்கிறது. பையன் வரைந்ததில் அதே இடம் கன்னத்துக்கு அடியில் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முகத்தை எடுத்து, கையைப் பின்னால் வளைத்து, போல்ட்டை இழுத்துவிட்டு, மறுபடி முகத்தை வைத்துக் குறிபார்க்க வேண்டும்.

இதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு. 1901இல் இங்கிலாந்தில் தார்னிகிராஃப்ட் கார்பைன் என்று ஒன்று வந்தது. த்ரீ நாட் த்ரீ தோட்டாதான். போல்ட்டைத் தோள் வரை பின்னுக்குத் தள்ளி, துப்பாக்கியைக் கணிசமாகக் குட்டையாக்கினார்கள். ராணுவம் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. உதை அதிகம், கையாள வசதியில்லை. பின்னாளில் இந்தக் குட்டை உருவம் வெற்றி பெற்றதற்குக் காரணம், கையால் போல்ட்டை இழுக்கும் வேலையைத் தோட்டாவின் வாயுவே செய்ய ஆரம்பித்ததுதான். கை பின்னால் போகவேண்டிய தேவை போனதும் உருவமும் மாற முடிந்தது.

சரி, இதை இன்னும் அடியிலிருந்து பார்ப்போம். துப்பாக்கி என்பது தோட்டாவைச் சுற்றிக் கட்டிய இயந்திரம். தோட்டா என்பதோ மருந்தைச் சுற்றிக் கட்டிய கூடு. ஆகவே கணக்கு மருந்திலிருந்து தொடங்குகிறது. நீலகிரிக்காரனுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம், அருவங்காடு போதும்.

என் அப்பா வேலை பார்த்த கார்டைட் தொழிற்சாலை அங்கே 1903இல் தொடங்கப்பட்டது. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் அதை ஒட்டித்தான் போகிறது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் அந்த ஆலை ஓடியது. கார்டைட் என்ற மருந்தை ஃபிரடெரிக் ஆபெலும் ஜேம்ஸ் டேவரும் 1889இல் உருவாக்கினார்கள். மாவாக இருந்த பழைய கருமருந்துக்குப் பதிலாகக் கயிறு கயிறாகப் பிழிந்து எடுத்த, புகை குறைந்த மருந்து. கார்ட் என்றால் ஆங்கிலத்தில் கயிறு. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இந்த மருந்து மாற்றம் ஒரு துப்பாக்கியின் பெயரையே மாற்றியது. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது லீ-மெட்ஃபோர்ட். 'லீ' என்பது போல்ட்டையும் மேகசினையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. 'மெட்ஃபோர்ட்' என்பது குழலின் உட்புறம் சுழலாக வெட்டும் பள்ளங்களை வடிவமைத்தவர். அந்தப் பள்ளங்கள் ஆழம் குறைந்தவை, ஓரங்கள் மழுங்கியவை. கருமருந்து எரிந்து விடும் கசடு ஒட்டாமல், துடைக்க வசதியாக இருக்கவேண்டும் என்றே அப்படி வெட்டினார்கள். கார்டைட் வந்ததும் கசடு போயிற்று, வெப்பம் வந்தது. அந்தச் சூட்டில் மழுங்கல் பள்ளங்கள் சீக்கிரம் தேய்ந்துபோயின. என்ஃபீல்ட் ஆலையில் ஆழமான, ஓரம் நேரான 5 பள்ளங்களை வெட்டினார்கள். 1895இல் அது லீ-என்ஃபீல்ட் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே துப்பாக்கி. 1901இல் கார்டைட்டையும் மாற்றினார்கள்; நைட்ரோகிளிசரினின் பங்கைப் பாதியளவுக்குக் குறைத்துச் சூட்டைத் தணித்தார்கள். ஆக, குழலின் உள்ளே நடப்பது குழலை மாற்றியது. மாறிய குழல் மருந்தையும் மாற்றச் சொன்னது.

எது இந்தக் காலம் முழுக்க மாறவில்லை என்று பாருங்கள். லீயின் போல்ட்.

ஏன் மாறவில்லை என்பது முக்கியம். தோட்டா வெடிக்கும் கணத்தில் த்ரீ நாட் த்ரீயின் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், சதுர சென்டிமீட்டருக்கு 3 டன்னுக்கும் மேல் அழுத்தம் எழுகிறது. குண்டை முன்னால் தள்ளும் அதே அழுத்தம் கூட்டைப் பின்னால், சுடுபவரின் முகத்தைப் பார்த்துத் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பது போல்ட்டின் பூட்டுப் பற்கள். ஜெர்மானிய மவுசரில் அந்தப் பற்கள் போல்ட்டின் தலையில், தோட்டாவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. லீயின் போல்ட்டில் பின்பக்கம், கைப்பிடிக்கு அருகே இருக்கின்றன. இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். கைப்பிடியைச் சுமார் 60 பாகை தூக்கினால் போதும். மவுசருக்கு 90 பாகை தூக்கவேண்டும். பயணமும் குறைவு. அதனால்தான் 1914இல் பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட முடிந்தது. நஷ்டம் என்னவென்றால், சேம்பருக்கும் பூட்டுக்கும் நடுவே போல்ட்டின் முழு நீளமும் அழுத்தத்தில் இருக்கிறது. இரும்புதான் என்றாலும் வில் போலக் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். கூடு நீளும்.

'பற்களை முன்னால் கொண்டுவந்தால் போச்சு' என்று தோன்றும். கொண்டுவரலாம். ஆனால் அப்புறம் அது லீ-என்ஃபீல்ட் இல்லை. அதன் வேகமும் இருக்காது, அந்தக் குறுகிய கைவீச்சும் இருக்காது. எதற்காக அந்தத் துப்பாக்கியை ஒருவர் விரும்புகிறாரோ அதைத்தான் முதலில் கழற்றி எறிய வேண்டியிருக்கும். பழைய ஆயுதத்தை மறுவடிவமைக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

நம் மலை ரயிலை நினைத்துப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய 12க்கு 1 என்ற ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்ட் முறையில் பல்சட்டம் போட்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை கட்டித்தந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு வழக்கமான சக்கரங்களை ஓட்டுகின்றன, அங்கே வேலை முடித்த நீராவி மற்ற இரண்டுக்குப் போய் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. நூறு வருடம் கழித்து, திருச்சி பொன்மலைப் பணிமனையில் இந்த ரயிலுக்குப் புது எஞ்சின்கள் கட்டினார்கள். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் எரியும்படி மாற்ற முடிந்தது. ஆனால் எஞ்சினின் உருவமும் சிலிண்டர்களின் அடுக்கும் அப்படியேதான் இருக்கின்றன. பல்சட்டம் நடுவில் கிடக்கிறவரை எஞ்சினின் வயிறு அதற்கேற்பத்தான் இருக்கவேண்டும். எரிபொருளை மாற்றலாம், பாதையை மாற்ற முடியாது. துப்பாக்கியிலும் இதே கதைதான் என்று சொன்னபோது பையனுக்கு உடனே பிடிபட்டது. பள்ளிக்கு அந்த ரயிலில் போனவன்.

இரண்டாவது படத்துக்கு வருவோம். மார்ட்டினி-ஹென்றிக்கு முன்னால் ஸ்னைடர் என்று ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் மார்ட்டினியைச் சொன்னால் பாதிக்கதைதான்.

1853 மாதிரி என்ஃபீல்ட், வாய்வழியாக மருந்தும் குண்டும் இடிக்கும் துப்பாக்கி. 1857இல் சிப்பாய்களின் கொதிப்புக்குக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டா இதற்கு வந்ததுதான். பத்து வருடத்துக்குள் உலகம் பின்வழியாகத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு மாறியது. லட்சக்கணக்கான பழைய என்ஃபீல்டுகள் கையிருப்பில். ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் யோசனையை 1866இல் ஏற்றார்கள்: குழலின் பின்முனையைக் கொஞ்சம் வெட்டி எடு, வலப்பக்கம் கீல் வைத்த ஒரு மூடியைப் பொருத்து. அவ்வளவுதான். கட்டை அதே, குழல் அதே, விசையை இழுத்ததும் சுத்தியல் போல விழுந்து அடிக்கும் குதிரையும் அதே.

அந்த 'அதே குதிரை'யில்தான் விஷயம் இருக்கிறது. பழைய துப்பாக்கியில் குதிரை வலப்பக்கம் வெளியே இருக்கும். மருந்துக்குத் தீ மூட்டும் சின்னத் தொப்பி போன்ற குப்பியின் மேல் விழுந்து அடிக்கும். புதுத் தோட்டாவிலோ அடி விழவேண்டிய இடம் அடித்தட்டின் நடுமையம். குதிரையை நகர்த்த முடியாது; நகர்த்தினால் பூட்டு, கட்டை எல்லாம் புதிதாகச் செய்யவேண்டும், மிச்சம் பிடிக்கும் நோக்கமே போய்விடும். எனவே மூடிக்குள் அடிஊசியைச் சாய்வாக ஓடவிட்டார்கள். வலப்பக்கத்தில் அடி வாங்கி நடுவில் குத்தும் ஊசி. சுட்ட கூட்டை வெளியே எறியவும் தனி ஏற்பாட்டுக்கு இடமில்லை. மூடியைத் திறந்து பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்துக் கூட்டைக் கீழே விழச் செய்யவேண்டும். ஸ்னைடரைக் கையில் எடுத்துப் பார்த்தால் 1853இன் முடிவுகள் 1866இன் கையைக் கட்டிப் போட்டிருப்பது தெரியும். எனக்கு அந்தச் சாய்வு ஊசியின் மேல் தனிப் பிரியம் உண்டு. கிடைத்த இடத்துக்குள் வேலை செய்தவரின் புத்தி அதில் அப்படியே தெரிகிறது.

1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி அப்படிக் கட்டுப்பட்டதில்லை, புதிதாகவே வடிவமைத்தது. விசைக்குப் பின்னாலுள்ள லீவரைக் கீழே தள்ளினால், பின்புறம் கீல் கொண்ட ஒரு கனத்த இரும்புக் கட்டி முன்பக்கம் தாழும். அதன் மேல் குழிவில் தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் தள்ளிச் சேம்பருக்குள் அனுப்பவேண்டும். லீவரை மேலே இழுத்தால் கட்டி எழுந்து பின்வாசலை அடைத்துவிடும். பூட்டு பலமானது, பாகங்கள் குறைவு.

ஆனால் பையன் வரைந்த மேகசினுக்கு இதில் வழியே இல்லை. மேகசின் என்றால் அடியிலிருந்து தோட்டா மேலே வரவேண்டும். வந்ததை ஏதாவது ஒன்று பின்னாலிருந்து நேராக முன்னால் தள்ளவேண்டும். மார்ட்டினியில் முன்னும் பின்னும் ஓடும் பாகமே கிடையாது. கட்டி மேலும் கீழும்தான் ஆடுகிறது. மேகசின் இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கட்டியும் லீவரும் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே தள்ளும் வேலையைச் செய்வது மனிதனின் கட்டைவிரல். அந்த விரலை வடிவத்திலிருந்து எடுத்தால் மார்ட்டினி நின்றுபோகும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆரம்பத்தில் அதன் தோட்டாக்கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. 1885இல் சூடான் பாலைவனத்தில், சூடும் மணலும் சேர, கூடு சேம்பரில் ஒட்டிக்கொண்டது. இழுப்பான் கூட்டின் அடிவிளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்ததே தவிரக் கூடு வரவில்லை. போல்ட் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சாய்தளம் கூட்டை மெல்ல நெம்பி இளக்கிவிடும். மார்ட்டினியில் அந்த நெம்புதல் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பின்னால் வந்த நான்காம் மாதிரியில் லீவரை நீளமாக்கினார்கள். உள் அமைப்பைத் தொட முடியாதபோது, அதை இயக்கும் கைக்குக் கூடுதல் பலம் கொடுப்பதுதான் மிச்சமிருந்த வழி. அதனால் பக்கவாட்டில் பார்த்தாலே நான்காம் மாதிரியைக் கண்டுபிடித்துவிடலாம். லீவர் பின்கட்டையோரம் அவ்வளவு நீளம் ஓடும்.

லூகருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதன் பூட்டு முழங்கால் போன்றது. நேராக நிற்கும்போது எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. சுட்டதும் குழலும் பூட்டும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் வந்து, ஒரு சரிவில் மோதி, முழங்கால் மேல்நோக்கி மடங்கும். மடங்கும் இடத்துக்கு நேர்மேலே பையன் குறிக்கருவியை வைத்திருந்தான். முதல் சூட்டிலேயே இரும்பு முழங்கால் அதை இடித்துத் தள்ளும். "ஐயோ," என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

குறிக்கருவி எங்கே வைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பெரிய ராணுவங்களே இதில் திணறியிருக்கின்றன. முதல் உலகப்போரில் லீ-என்ஃபீல்டில் தொலைநோக்கி பொருத்தியபோது, 5 தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து அழுத்திப் போடும் வழி அடைபடக்கூடாது என்று வைத்தார்கள். அதனால் தொலைநோக்கி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தது. சுடுபவர் கன்னத்தைக் கட்டையில் சரியாக வைக்க முடியாமல் தலையைச் சாய்த்துத் தேட வேண்டியிருந்தது. ஏகே-47இலும் இதே போலத்தான்: அதன் மேல்மூடி மெல்லிய தகடு, துடைப்பதற்காகக் கழற்றி மாட்டுவது, அதன் மேல் வைத்தது எதுவும் அசையாமல் நிற்காது. அதனால் ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதியின், பக்கவாட்டில் தண்டு அடித்துத் தொலைநோக்கியை அதிலிருந்து மேலே வளைத்து நிறுத்தினார்கள்.

என் கையில் அதிகம் புழங்கியது செல்ஃப் லோடிங் ரைபிள், எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் டியூடோனே சைவ் வடிவமைத்த ஃபால் துப்பாக்கியின் இந்திய வடிவம். 'இதன் பின்கட்டையை மடக்குகிற மாதிரி செய்திருக்கலாமே' என்று புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். கழற்றிக் காட்டினால் கேள்வி நின்றுவிடும். போல்ட்டைச் சுமக்கும் பாகத்தின் பின்னால் எலிவால் போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் போய் அழுத்தும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் இருக்கிறது. கட்டையை மடக்கினால் வால் எங்கே போகும்? பாராசூட் படைக்காக மடக்குக் கட்டை கேட்டபோது, எஃப்.என். வெறும் கீலோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஸ்பிரிங்கை மேல்மூடிக்குக் கீழே, ரிசீவருக்குள்ளேயே கொண்டுவந்து, போல்ட் சுமக்கும் பாகத்தையும் மேல்மூடியையும் மாற்றினார்கள். கீல் வேண்டுமென்று கேட்டவருக்குப் பாதித் துப்பாக்கி புதிதாகச் செய்துதர வேண்டியிருந்தது.

அமெரிக்கர்களுக்கும் இதே சிக்கல். யூஜின் ஸ்டோனரின் ஏஆர்-15இல் திரும்பவரும் ஸ்பிரிங் பின்கட்டையின் குழாய்க்குள் போகிறது. பிறகு அதே ஆர்மலைட் நிறுவனம் செய்த ஏஆர்-18இல் இரண்டு ஸ்பிரிங்குகளை ரிசீவருக்குள் வைத்தார்கள். கட்டை சுலபமாக மடங்கியது. அந்த உள்ளமைப்பை வைத்துத்தான் பிரிட்டன் பின்னாளில் தன் குட்டைத் துப்பாக்கியைக் கட்டியது. ஏஆர்-18 அழகில் ஏஆர்-15க்கு ஈடில்லை, விற்பனையிலும் இல்லை. ஆனால் பிறர் எடுத்துப் புதுப்புது உருவங்கள் செய்ய இடம்கொடுத்தது அதுதான். அதன் பாகங்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடிமுடித்துவிடுகின்றன.

எடையும் இப்படித்தான். எஸ்.எல்.ஆரை அலுமினியத்தில் செய்து கனத்தைக் குறைக்கலாமே என்றால், அதன் போல்ட் பின்பக்கம் தாழ்ந்து ரிசீவரிலேயே உள்ள ஓர் இரும்புத் தாங்கியில் முட்டிப் பூட்டுகிறது. வெடிப்பின் முழுப் பளுவும் ரிசீவர் வழியாகப் போகிறது. அது எஃகாக இருந்தே தீரவேண்டும். ஏஆர்-15இல் போல்ட் சுழன்று குழலின் நீட்சியிலேயே பூட்டிக்கொள்கிறது. பளு குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுவதால் ரிசீவர் அலுமினியமாக இருக்க முடிகிறது. மலையேற்றத்தில் எஸ்.எல்.ஆரைத் தோளில் சுமந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பெரிய விடை.

பையன் விடவில்லை. "அப்போ போல்ட்டையே மாத்தாம, கையால இழுக்கறதை மட்டும் தானா நடக்கற மாதிரி செய்ய முடியாதா?" நல்ல கேள்வி. வரலாற்றில் இரண்டு பேர் இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள்.

1941இல் நியூசிலாந்தில் இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தட்டுப்பாடு. கிடங்கில் பழைய லீ-மெட்ஃபோர்டுகளும் லீ-என்ஃபீல்டுகளும் இருந்தன. ஃபிலிப் சார்ல்டன் அவற்றைத் தானியங்கியாக்கினார். லீயின் போல்ட் முதலில் சுழன்று, அப்புறம்தான் பின்னால் வரும். அந்த இரண்டு அசைவையும் மனிதக் கைக்குப் பதிலாக வாயுவால் செய்விக்க, துப்பாக்கியின் வலப்பக்கம் முழுக்கப் பிஸ்டனும் தகடுமாக ஒரு புறக்கட்டுமானம் எழுந்தது. கைப்பிடி எங்கே இருந்ததோ அங்கே ஓர் இரும்புக் கை. சுமார் 1,500 செய்தார்கள். பெரும்பாலானவை பிறகு ஒரு கிடங்குத் தீயில் போயின. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் லீயின் போல்ட் என்னவெல்லாம் கேட்கிறது என்பதை வெளியில் எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

அமெரிக்கர் ஜான் பெடர்சன் வேறு வழி போனார். ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளின் போல்ட்டை உருவிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னத் தானியங்கிப் பொறியையே செருகினார்; 1918. அந்தப் பொறியில் பூட்டு கிடையாது. நகரும் பாகத்தின் கனமும் ஸ்பிரிங்கும் மட்டுமே பின்னால் வரும் கூட்டைத் தடுக்கின்றன. அப்படிப்பட்ட அமைப்பு கைத்துப்பாக்கித் தோட்டா அளவு பலத்தைத்தான் தாங்கும். ரைபிள் தோட்டாவுக்கு அதைச் செய்யவேண்டுமானால் தூக்க முடியாத கனம் வேண்டும். எனவே தோட்டாவைச் சிறிதாக்கினார். கூடு வெளியேற ரிசீவரின் இடப்பக்கம் ஒரு சாளரம் வெட்டவும் வேண்டியிருந்தது. ஏறக்குறைய 65,000 செய்தார்கள். போர் முடிந்துவிட்டதால் களம் காணாமலே பிறகு அழித்தார்கள்.

தோட்டாவின் அடிவிளிம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். த்ரீ நாட் த்ரீயின் அடித்தட்டு கூட்டைவிட அகலமாக, விளிம்பு வைத்தது. சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதை அந்த விளிம்புதான் நிறுத்துகிறது. ஒற்றைத் தோட்டா போடும் காலத்தில் அது நல்ல ஏற்பாடு. மேகசினில் அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் மேலே உள்ளது முன்னால் நகராது. விளிம்புள்ள தோட்டாக்கள் அடுக்கும்போது வளைந்தும் நிற்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் இலகு இயந்திரத் துப்பாக்கியை பிரிட்டன் 1930களில் த்ரீ நாட் த்ரீக்கு மாற்றி 'பிரென்' ஆக்கியபோது, நேராக இருந்த மேகசின் வாழைப்பழம் போல வளைந்தது இதனால்தான். பின்னாளில் அதே பிரென் விளிம்பில்லாத 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியதும் மேகசின் மறுபடி கிட்டத்தட்ட நிமிர்ந்துவிட்டது. விளிம்பைக் கைவிட பிரிட்டன் 1913லேயே முயன்றது; .276 அளவில் புதுத் தோட்டா, புதுத் துப்பாக்கி. மிதமிஞ்சிய தீப்பிழம்பு, சீக்கிரம் தேயும் குழல் என்று பிரச்சினைகள். 1914இல் போரும் வந்துவிட்டது. பழைய விளிம்போடேயே இன்னொரு உலகப்போரையும் கடந்தார்கள்.

இந்த எல்லைகளையெல்லாம் மதித்து நடந்த ஒரு மறுவடிவமைப்பு உண்டு. அது நம் நாட்டில், வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் ஆலையில் நடந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் 7.62 தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது; எல்லோர் கையிலும் எஸ்.எல்.ஆர். சேர நாளாகும். பழக்கமான லீ-என்ஃபீல்டையே 7.62க்குச் செய்தார்கள். பிரிட்டன் இந்த மாற்றத்தைப் பிற்காலத்து நான்காம் எண் மாதிரியில் செய்தது. இஷாப்பூர் செய்ததோ 1907இலிருந்து வந்த பழைய மாதிரியில். புதுத் தோட்டாவுக்கு அழுத்தம் அதிகம், பூட்டோ பின்னால். பூட்டை நகர்த்தவில்லை, எஃகை மேலான தரத்துக்கு மாற்றினார்கள். விளிம்பில்லாத தோட்டாவுக்கு ஏற்ப இழுப்பானையும் 12 தோட்டா கொள்ளும் மேகசினையும் செய்தார்கள்; அதனால்தான் இந்தத் துப்பாக்கியின் மேகசின் பழையதைப் போல் சரிந்து இல்லாமல் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். பிறகு வந்தவற்றில் குறிப்பலகையின் தூர அளவை 2,000 மீட்டரிலிருந்து 800ஆகக் குறைத்தார்கள். தூக்கிப் பார்த்தால் அதே துப்பாக்கி, அதே கைவீச்சு. என் கணக்கில் இதைவிடச் சிறந்த மறுவடிவமைப்பு எந்தப் பழைய ரைபிளுக்கும் நடக்கவில்லை.

அதே இஷாப்பூர் எதிர்த்திசையிலும் ஒன்று செய்திருக்கிறது. காவல் பணிக்காக த்ரீ நாட் த்ரீயை .410 அளவில், உட்பள்ளமில்லாத ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றி, மேகசின் குழியில் மரக்கட்டையை அடைத்தார்கள். பறிபோனாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது. போல்ட்டும் பூட்டும் அப்போதும் லீயினுடையவைதான்.

இருட்டிவிட்டது. அம்மா வர்க்கியும் டீயும் கொடுத்தனுப்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம், டீ ஆறிப்போயிருந்தது.

பத்து நாள் கழித்துப் பையன் மறுபடி வந்தான். லூகரை விட்டுவிட்டான். லீ-என்ஃபீல்டுக்குப் பின்கட்டை திரும்ப வந்திருந்தது. போல்ட் ஓடும் பாதையை முதலில் சிவப்புக் கோடாகப் போட்டுவிட்டு அப்புறம் மரத்தை வரைந்திருந்தான். மார்ட்டினிதான் என்னை உட்காரவைத்தது. மேகசினை எடுத்துவிட்டான். ஒற்றைத் தோட்டாவாகவே வைத்து, கைப்பிடியை முன்னால் தள்ளி, துப்பாக்கியைப் பாதி நீளத்துக்குச் சுருக்கியிருந்தான். "இதுலதான் எதுவும் பின்னால போகலையே மாமா. கட்டி அதே இடத்துல தாழ்ந்து எழும்புது. அப்போ கன்னத்தை இடிக்காதுல்ல?"

இடிக்காது. இருபது வருடமாகத் தெரிந்த துப்பாக்கியில் எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருந்தது. முதல் நாள் கொண்டுவந்த மூன்றில் இந்த உருவத்தைத் தாங்கக்கூடியது மார்ட்டினி ஒன்றுதான். ஆனால் கட்டைவிரல் தோட்டாவைத் தள்ளவேண்டிய இடம் தாடைக்கு அடியில் வருகிறது. லீவரும் விசையை விட்டு வெகுதூரம் பின்னால் நிற்கிறது; நடுவே ஒரு நீளக் கம்பி கொடுத்து இணைத்தால், சூடானில் போதாமல் போன அந்த நெம்புபலம் இன்னும் குறையும். லீவரை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.